அண்ணியின் கெப்பும் ரோதமுனி ஏற்றமும்

டர்போவை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தபோது, நான் சாமான் ஏற்றும் எங்கள் கெப் வண்டியின் பின்கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். மத்தியான மழை. செம்மண் கரைந்து கணுக்காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து, இடுப்பில் சுற்றிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்த பெண்களும் அதில் இருந்தார்கள். முன்னால் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டு அத்தையின் தோளில் சாய்ந்து, அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம். அவருடைய முனகல் எங்களுக்குக் கேட்கவில்லை. இஞ்சின்தான் கத்திக்கொண்டிருந்தது. சைலன்சரிலிருந்து வந்த புகை என் முகத்தில் அடித்தது. மழையிலும் கரையாத, தார் போன்ற கறுப்புப் புகை. அந்த நேரத்தில் அப்படியொரு கணக்குப் போடுவதற்கு என் மூளைக்கு எப்படி மனம் வந்ததென்று தெரியாது. இவ்வளவு கறுப்பாகப் புகை வந்தால் டீசலுக்குக் குறைவில்லை, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை என்று அது சொன்னது. காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளவேண்டிய டர்போ செத்துப்போயிருக்கிறது. அதை மாற்றினால் இந்த வண்டி ஏறும். "தள்ளுங்கடா! தள்ளுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். நானும் கத்திக்கொண்டே தள்ளினேன்.

எங்கள் டிவிசன் நமுனுகுல மலையின் ஒரு மடிப்புக்குள் கீழே கிடக்கிறது. பஸ் போகும் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் ஓடைப் பாலத்தைத் தாண்டி, கல் பெயர்ந்த தோட்டத்துப் பாதையில் ஒரே ஏற்றமாக ஏற வேண்டும். ஏற்றம் முடிகிற கடைசி முடக்கில், அந்த வளைவில், ரோதமுனி சாமியின் கல் இருக்கிறது. பேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோதைச் சக்கரங்களுக்கெல்லாம் அவர்தான் காவல். முடக்கில் இருப்பவர் வாகனங்களுக்குக் காவல் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்புலன்ஸ் கூப்பிட்டால் வரும். ஆனால் அந்த முடக்கு வரைக்கும்தான். கீழே இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். லயத்துக்குள் போனுக்கு சிக்னலும் கிடையாது. ஆகவே காய்ச்சல்காரர், பாம்பு கடித்தவர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாருக்கும் அண்ணன் மரக்கறி ஏற்றும் அந்தப் பழைய கெப்தான்.

அன்று வண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் நேரம் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்த ஆண் பிள்ளை அழவே இல்லை. அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முடக்குக்கு மேலே உள்ள மேட்டில், தேயிலை இல்லாத ஒரு துண்டு நிலத்தில் புதைத்தோம்.

அண்ணி கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். குள்ளமான உருவம், வேகமான பேச்சு. பிள்ளைக்காம்பராவில் வேலை, அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது, பால் கரைத்துக் கொடுப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அங்கே ஒரு நாள் போனார். பாதி நாளில் வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் வண்டியை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தார். வாங்க ஆள்கூட வந்து, டயரையெல்லாம் உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். அண்ணி காம்பரா வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவன் போன பிறகு சொன்னார்:

"வண்டிய வித்துட்டா அடுத்தவ எதுல போவா?"

"யாரு ஓட்டுறது? நான் கத்தாருக்குப் போறேன். இவன் படிக்கப் போறான்" என்று அண்ணன் என்னைக் காட்டினார்.

"நான் ஓட்டுறேன்."

அண்ணன் சிரித்தார். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அதற்காகவே அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணன் போவதற்கு முன் பெரட்டுக் களத்தில் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசித்து வேலை பிரிக்கிற அந்தத் தட்டையான களத்தில், சாயந்திரமானால் அண்ணியின் பயிற்சியைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். வண்டி தவளைபோலத் துள்ளும்போதெல்லாம் கைதட்டல் விழும். "ஏன் புள்ள, தொட்டிலாட்டுன கை கியர் புடிக்குமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "போத்தல் புடிச்ச கையி சம்பளம் எண்ணுறப்ப இது புடிக்காதா மாமா?" என்று ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னார். அந்த மாமா அதன் பிறகு களத்துப் பக்கம் வரவில்லை. லைசன்ஸ் எடுத்து, முதல் தடவையாக மரக்கறி ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போன அன்று, பின்னால் ஏறிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து, "வீட்டுல சொல்லிட்டு வந்தியாடி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பயமும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

நான் அப்போது பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது கொஞ்சம், போனில் வீடியோ பார்த்தது அதிகம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எங்கள் வண்டியைப் போன்ற கிழட்டு டீசல் கெப்புக்கு யாரோ ஒருவர் புது டர்போ போட்டு, பாலைவனத்து மேட்டில் பாய்ந்து ஏறுவார். அதைப் பதுளையில் இறக்கிவைத்துக்கொண்டு வந்து அண்ணிக்குக் காட்டுவேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பார். "அவரு எங்க ரோட்டுல ஏறிக் காட்டட்டும்" என்பார். என்னை அவர் கூப்பிடுவது "தம்பி" என்று; கிண்டல் வந்துவிட்டால் "எங்க இஞ்சினியரு" என்று. டர்போ என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் அமுக்கும் என்றேன். நம்முடையதில் தண்டு ஆட்டம் கண்டுவிட்டது, சக்கரம் சுவரில் உரசுகிறது, அதனால் காற்று போதவில்லை என்றேன். அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கும் அதுதானா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப அத முதல்ல பாரு" என்றார்.

புது டர்போ எங்கள் கனவிலும் வராத விலை. அதே கம்பனி பிறகு செய்த ஒரு வேனின் டர்போ, கொஞ்சம் பெரியது, நம் இஞ்சினுக்கு ஒத்துவரும் என்று வாசித்திருந்தேன். விபத்தில் நசுங்கிய அப்படியொரு வேன் ஹாலி எலப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. வேனின் முகம் போயிருந்தது, டர்போ போகவில்லை. அதைக் கழற்றி, விரலால் தண்டை ஆட்டிப் பார்த்து, ஆட்டமில்லை என்று கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அதன் ஓட்டைகளும் எங்கள் இஞ்சினின் ஓட்டைகளும் சேரவில்லை. நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டு லேத்தில் கடைந்து வாங்கினேன்; லேத்துக்காரர் கூலியில் பாதியைப் போஞ்சி, லீக்ஸ் என்று மரக்கறியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். காற்றுக் குழாய் ஒரு பழைய பஸ்ஸினுடையது. எண்ணெய் வந்துபோகும் குழாய்களை மட்டும் புதிதாக வாங்கினேன். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் ஒன்றும் பூட்டினால் நன்றாக இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தோம். வண்டியைப் பிரித்துப் பூட்ட இடம் கொடுத்த கராஜ் பாஸ் சிங்களவர், எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார், தம்பி என்பதை மட்டும் 'மல்லி' என்பார். சாமான்களைப் பரப்பி வைத்ததைப் பார்த்துவிட்டு, "மல்லி, இது வண்டியா, வட்டாரத்துல செத்துப்போன வண்டிங்களோட கூட்டமா?" என்று கேட்டார். அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை. "கூட்டமா சேந்தாத்தான் பாஸ் எங்க ரோட்டுல ஏற முடியும்" என்றார்.

பூட்டி முடித்து, முதல் தடவையாக மேட்டில் ஏற்றிய நாளை நான் மறக்க மாட்டேன். பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். மூட்டைகளின் மேல் ஆட்கள். பாலத்தைத் தாண்டியதும் அண்ணி கியரை மாற்றி மிதித்தார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் போல ஒரு சத்தம் எழும்பியது. அது கூடக்கூட வண்டி எங்களை முதுகில் பிடித்துத் தள்ளியது. நான் பின்னால் திரும்பிப் புகையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் லேசாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணியின் கண்ணில் நீர் ஓடியது. துடைக்கக் கையை எடுக்கவும் இல்லை. நாங்கள் முந்தி வண்டியைத் தள்ளிய இடத்தை, அது இன்ன இடம் என்று நான் சொல்வதற்குள், தாண்டிவிட்டிருந்தோம்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. சில வாரங்களில் விசில் சத்தம் கீச்சுக் கத்தலாக மாறியது. புகை நீலமானது, எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால், தண்டு சுற்றும் இடத்தில் எண்ணெய் கருகிக் கரியாக ஒட்டியிருந்தது. நல்ல எண்ணெய், புதுக் குழாய், பிறகும் ஏன்? பாஸுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, தேய்ந்த சாமானை மாற்றி மறுபடி பூட்டிவிட்டு, இந்தத் தடவை அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் போனேன். ஏற்றம் முழுவதும் அழகாக ஓட்டினார். கடைசி முடக்கு வந்தது. ரோதமுனிக்கு முன்னால் நிறுத்தினார். கை சாவிக்குப் போனது.

"அண்ணி! திருப்பாதீங்க!"

"ஏன், சாவி உடைஞ்சிருமா?"

"இஞ்சின் கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். அப்புறம் நிப்பாட்டுங்க."

"ஓடுற வண்டிய வச்சுக்கிட்டா சாமி கும்புடச் சொல்ற?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ரோதமுனிக்கு முன்னாடி ரோதை நிக்கணும் தம்பி. பேக்டரியில பூசை வைக்கிறப்ப பாத்ததில்ல? எல்லா மிசினையும் நிப்பாட்டிட்டுத்தான் சூடம் காட்டுவாங்க. ரோதை சுத்துதுன்னா சாமி வேலையில இருக்குனு அர்த்தம். வேலையில இருக்கிறவருக்கிட்டப் போயி நம்ம குறையச் சொல்ல முடியுமா?"

எங்கள் டிவிசனுக்கு வந்துபோகும் எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். லொறிக் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஏற்றம் ஏறி, இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி, அமைதியான பிறகு இறங்கிச் சூடம் கொளுத்துவது. டர்போ இல்லாத பழைய லொறிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அண்ணிக்கு அது வழக்கம் மட்டும் இல்லை. பிள்ளையைப் புதைத்த மேடு அங்கிருந்து தெரியும். சூடம் அணையும்வரை அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே நான் குரலை இறக்கி விளங்கப்படுத்தினேன். டர்போவின் தண்டு எண்ணெயின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. ஏற்றம் ஏறி வரும்போது அது நெருப்பாகக் காய்ந்திருக்கும். சாவியைத் திருப்பினால் இஞ்சின் நின்றுவிடும், எண்ணெயும் நின்றுவிடும். ஆனால் டர்போ உடனே நிற்காது, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். தங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப்போகும்.

அண்ணி கையைச் சாவியிலிருந்து எடுத்தார். அவருக்குப் பட்டது எண்ணெய் அல்ல.

"அப்ப நான் இத்தன நாளா சுத்திக்கிட்டிருந்த ரோதைக்கு முன்னாடியா சூடம் காட்டுனேன்?"

"ஆமா அண்ணி. டர்போவும் ரோதைதானே."

"அடப்பாவி, இத ஏன்டா முதல்லயே சொல்லல? அவரு வேலையில இருந்திருக்காரு. நான் போயி புள்ளையப் பத்திப் பேசிக்கிட்டு நின்னுருக்கேன்."

அன்று முதல் அவருக்கு அது பூசையின் ஒரு பகுதியாகிவிட்டது. முடக்குக்கு வந்ததும் இஞ்சினைச் சும்மா ஓடவிடுவார். இறங்கி, பானெட் பக்கம் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சூடு தணிந்து, சத்தம் தாழ்ந்து சீரான பிறகு ஏறிச் சாவியைத் திருப்புவார். சக்கரம் கடைசியாக முனகி அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் சூடத்தை எடுப்பார். பின்னால் மூட்டையின் மேல் இருக்கும் பெண்கள், "சாமி எந்திரிச்சிருச்சா, இன்னும் வேலையா?" என்று கேட்பார்கள். "கைகழுவிக்கிட்டிருக்கு, இருங்கடி" என்பார். டர்போ அதன் பிறகு போகவில்லை. மற்ற வண்டிக்காரர்களும் அவரைப் பார்த்து அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். அவர்களில் பலருடைய வண்டியில் டர்போவே கிடையாது.

அடுத்து வந்த காலத்தை நினைத்தால் எனக்கு அந்த விசில் சத்தம்தான் முதலில் கேட்கும். எத்தனை பேரை அண்ணி அந்த மேட்டில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று நாங்கள் எண்ணியதில்லை. குளவி கொட்டி முகம் வீங்கிய பெண்கள், மார்வலி வந்த தாத்தா, ஆஸ்மாக் குழந்தைகள். பிரசவத்துக்குப் போகிறவர்களை ஏற்றினால் மட்டும் அண்ணி பேச்சை நிறுத்திவிடுவார். திரும்பி வரும்போது தாயையும் பிள்ளையையும் முன் இருக்கையில் வைத்து, பள்ளங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி, நடந்து வருகிற ஆள் முந்திப்போகும் வேகத்தில் ஓட்டுவார். "இவ்வளவு மெதுவா ஓட்டவா டர்போ போட்டோம்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஏறத்தான் டர்போ. எறங்க எதுக்கு?" என்றார். அந்தப் பிள்ளைகளில் சிலர் நடக்கத் தொடங்கிய பிறகு, மறுபடியும் பிள்ளைக்காம்பராவுக்கு அவ்வப்போது போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அண்ணன் லீவில் வந்து போனார். அண்ணி மறுபடி உண்டானார்.

எல்லாரும் ஒன்றுசேர்ந்து போட்ட திட்டம் இதுதான். மாதம் நெருங்கும்போது அண்ணி பதுளையில் எங்கள் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதுவரை பாரம் ஏற்றக் கூடாது, வண்டியை மெதுவாக ஓட்டலாம். அண்ணனும் அந்த நேரத்துக்கு லீவு கேட்டிருந்தார். நான் அவசரமென்றால் உதவுமென்று ஒரு பழைய இன்டர்கூலரும் வாங்கி, சாக்கில் சுற்றி வீட்டு மூலையில் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் ஏற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்று என் எண்ணம். வலி அத்தனைக்கும் முன்னால், யாரும் எதிர்பார்க்காத ஒரு வேலைநாளில் வந்துவிட்டது. ரத்தமும் வந்தது. நான் பதுளையில் வகுப்பில் இருந்தேன். அண்ணன் கத்தாரில் இருந்தார்.

அடுத்த காம்பரா அத்தை சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். அவர் அதை இன்றுவரை ஒரே மாதிரித்தான் சொல்கிறார்:

"நீ பின்னால சாஞ்சு படுடி, நான் யாரையாச்சும் கூட்டியாறேன்னு சொன்னேன். 'யாரக் கூட்டியாருவீங்க அத்தே? யாருக்கு ஓட்டத் தெரியும்?'னு கேட்டா. அவளே ஏறி உக்காந்தா. வலி வந்தா நிப்பாட்டுவா. ஸ்டியரிங்குல நெத்திய வச்சுக்குவா. வலி விட்டதும் எடுப்பா. வண்டி ஒரு எடத்துலயும் தயங்கல தம்பி, அதச் சொல்லணும். முடக்குல சிக்னல் வந்துச்சு, அம்புலன்சுக்குப் பேசினேன். தூரத்துல இருக்கோம், கொஞ்சம் இருங்கன்னாங்க. இவ இருக்கல. ரோதமுனிக்கிட்டயும் நிக்கல. ஒரு கையத் தூக்கிக் கும்புட்டுட்டு, 'சாமி, ரோதை ஓடிக்கிட்டேதான் இருக்கு, கோவிச்சுக்காத'ன்னு சொன்னா. அந்த மேட்டப் பாத்தா. போயிட்டா."

ஆஸ்பத்திரி வாசல்வரை அவரே ஓட்டியிருக்கிறார். இறங்கியதும் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கெப் வாசலில் இஞ்சின் ஓடியபடி நின்றது. அத்தைக்கு அதை நிறுத்தத் தெரியாது. வாசல் காவலாளி சத்தம் போட்டார். கடைசியில் யாரோ ஒரு திரீவீலர்காரர் வந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். அண்ணி வலியில் மறந்துவிட்டு இறங்கினாரா, ஏறி வந்த சூடு தணியட்டும் என்று ஓடவிட்டாரா? நான் இதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒருவர்தான் பதில் சொல்லியிருக்க முடியும்.

பிள்ளை பிறந்தது. பெண். குறைமாதம், ஆனால் அழுதது. அண்ணிக்கு ரத்தம் நிற்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர்மார் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தார்கள்; எங்கள் கல்லூரிப் பையன்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் பிள்ளையும் தப்பியிராது, தம்பி. நல்ல கெதியாய்க் கொண்டந்திருக்கிறியள்" என்றார். பிறகு கேட்டார்: "ஆர் வாகனம் ஓடினது?"

"அவங்கதான்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. வண்டியில் நாங்கள் மாற்றாதது எது? டர்போ, குழாய், எண்ணெய், பிரேக் கட்டை, இரண்டு டயர். ஒவ்வொன்றையும் பேசிப் பேசி, இருக்கிற காசுக்குள் எது முந்தி எது பிந்தி என்று யோசித்து மாற்றினோம். டிவிசன் முழுவதும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது. அப்படி இருந்தும், இத்தனை லயங்களில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்து ஊரில் இருந்தவர் அண்ணி மட்டும்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு முடியாமல் போனால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. அடுத்தவளுக்காக வண்டியை வைத்துக்கொண்டவர், அந்த அடுத்தவள் தானாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தாரா என்று தெரியாது.

அண்ணன் திரும்பி வந்தவர் பிறகு போகவில்லை. சில மாதம் வண்டியின் பக்கமே போகவில்லை. இப்போது அவர்தான் மரக்கறி ஏற்றுகிறார். பிள்ளை பிள்ளைக்காம்பராவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. எனக்குக் கொழும்பில் ஒரு வாகனக் கம்பனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போக வேண்டும். போவதற்கு முன் இன்டர்கூலரைப் பூட்டிவிடலாம் என்று போன வாரம் சாக்கைப் பிரித்து வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த காம்பரா அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இத மாட்டுனா என்ன ஆகும்?"

"இன்னும் நல்லா ஏறும் அத்தே."

"அன்னைக்கும் நல்லாத்தானே ஏறுச்சு?" என்றார். நான் துடைப்பதை நிறுத்தினேன். அவர் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "பக்கத்துல உக்காந்து கையப் பெசஞ்சுக்கிட்டு வந்தது போதும்டா. வண்டிய நிப்பாட்டக்கூடத் தெரியாம அந்த வாசல்ல நின்னேன். எனக்கு ஓட்டச் சொல்லிக் குடு."

"இந்த வயசுலயா?"

"கொழுந்து பறிக்க வயசாயிருச்சுன்னு யாராச்சும் என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?"

அவரோடு இன்னும் சில பெண்களும் வருகிறார்களாம். ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார்கள். பெரட்டுக் களத்தைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான். அண்ணனிடம் சொன்னேன். அவர் போய் வண்டிக்குள்ளிருந்த மரக்கறிக் குப்பையைக் கூட்டித் துடைக்கத் தொடங்கினார்.

இன்டர்கூலரை மறுபடி சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். நேற்று அத்தையை டிரைவர் இருக்கையில் உட்காரவைத்துப் பார்த்தேன். அவர் அண்ணியைவிடவும் குள்ளம்; இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ளினாலும் அவருடைய கால் கிளச்சைப் பாதிவரைதான் அமுக்குகிறது. கடையில் இதற்கென்று ஒரு சாமானும் கிடையாது. பிடுங்கிப் போட்ட ஒரு தேயிலைத் தூரில் கையகலக் கட்டை அறுத்து வைத்திருக்கிறேன். நல்ல இறுகிய மரம், வெடிக்காது. அதன் மேல் தேய்ந்த டயர்த் துண்டு ஒன்றை அடித்து, பெடலோடு திருகாணி போட்டு முடுக்க வேண்டும். மழை நாளில் ஈரக் கால் வழுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வருவதற்குள் அது தயாராக வேண்டும். முதலில் களத்தில், தட்டையில். ஏற்றம் அப்புறம்.